மஞ்சக்கொன்னை வெட்டும் முறையை மாற்றக் கோரி மூன்றாவது மனு

அனுப்புநர்: கிராம சபை மற்றும் வன உரிமைக் குழு உறுப்பினர்கள் (கையொப்பங்கள் பின்தாளில்)

பெறுநர்: வன அலுவலர் அவர்கள்

பொருள்: நெல்லிச் சரிவில் தானாக முளைத்த கன்றுகளைக் காப்பாற்றக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: ஆடியிலும் ஐப்பசியிலும் நேரில் கொடுத்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

முந்தைய இரண்டு மனுவுக்கும் ரசீது இருக்கிறது, பதில்தான் இல்லை. நெல்லிச் சரிவு எது என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன கோடையில் அங்கே தீப்பிடித்தபோது எங்களோடு நின்று பச்சைத் தழையால் அடித்து அணைத்தவர் தாங்கள்.

மஞ்சக்கொன்னையை எடுப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. அது நம்ம சரக்கொன்றை அல்ல, அமெரிக்கக் கண்டத்து மரம். அழகுக்கென்று வைத்தது காட்டுக்குள் புகுந்துவிட்டது. மான் வாய் வைக்காது, அடியில் புல் வராது. முதுமலை படும் பாடு தாங்கள் அறிந்ததே. எடுக்கத்தான் வேண்டும். எடுக்கிற விதம்தான் எங்கள் வயிற்றில் அடிக்கிறது.

1. முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டுப் போகிறார்கள். ஒரே கட்டையில் 14 துளிர் எண்ணினோம். ஒற்றை மரம் இருந்த இடத்தில் இன்று புதர். வயநாட்டில் பட்டையை உரித்து, நின்றபடியே காய விட்டுப் பார்த்தார்கள். அதற்கும் துளிரை ஒடிக்க ஆள் திரும்ப வர வேண்டும். இங்கே வெட்டியவர் யாரும் திரும்பி வரவில்லை.

2. டிராக்டர். ஐயா, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தோம். அந்தச் சரிவில் நிற்கும் நெல்லி, வேங்கை, கடுக்காய், வெக்காலிக் கன்றுகள் யாரும் நட்டவை அல்ல. மான் நெல்லிக்காயைத் தின்று, வேறெங்கோ படுத்து அசைபோடும்போது கொட்டையைத் துப்பும். அப்படி முளைத்தவைதான் அந்த நெல்லிகள். அதற்காகவே எங்கள் பெண்கள் மரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு காயை விட்டுவிட்டு வருவார்கள், கிளையை வெட்டவே மாட்டார்கள். தீக்கும் யானைக்கும் தப்பிய கன்றுகள் டிராக்டருக்குத் தப்பவில்லை. தடி ஏற்ற வரும் வண்டி நடைக்கு ஒரு புதுத் தடம் போடுகிறது. எங்கள் ஊர்ப் பாட்டி ஒருவர் 22 நெல்லிக் கன்றுக்குப் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துக் கட்டி அடையாளம் வைத்திருந்தார். மார்கழியில் போய்ப் பார்த்தால் 3 நிற்கிறது. சக்கரத் தடத்தில் சேறோடு ஒட்டிக்கிடந்த துணி ஒன்றை இத்துடன் இணைத்துள்ளோம்.

3. "போனால் போகட்டும், நர்சரிக் கன்று தருகிறோம்" என்றார் வேலையைப் பார்க்க வந்தவர். பைக்குள் வேர் சுருண்ட கன்று அந்தப் பாறை மண்ணில் ஒரு கோடை தாங்குமா? தாங்கினாலும் காய்க்க எத்தனை வருடம்? அதுவரை நெல்லிக்காய்க் காசுக்கு நாங்கள் எங்கே போவது?

4. 2006 வன உரிமைச் சட்டம் பிரிவு 3(1)(i), சமூக வனத்தைக் காக்கவும் மீளுருவாக்கவும் எங்களுக்கு உரிமை தருகிறது. டெண்டர் விட்ட சேதியே லாரி வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். யாரைக் கேட்டீர்கள்?

கோபத்தில் எழுதிவிட்டோம், பொறுத்துக்கொள்ளவும். நாங்கள் கேட்பது பெரிய காரியம் அல்ல. வெட்டுவதற்கு முன் நாட்டு மரக் கன்றுகளுக்குச் சுண்ணாம்பு அடையாளம் போட எங்கள் ஆட்களை விடுங்கள், கூலி வேண்டாம். வண்டிக்கு ஒரே தடம் ஒதுக்குங்கள், மற்ற இடத்தில் தடியை ஆள் வைத்து இறக்கட்டும். சின்னக் கொன்னையை மழை ஈரத்தில் வேரோடு பிடுங்கட்டும், காய் முற்றும் முன்பே. துளிர் ஒடிக்கும் வேலையை 3 வருடமாவது தொடரச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

தை முடிவதற்குள் ஓடைக்கு மேற்கேயும் வெட்டப்போவதாகச் சொல்கிறார்கள். மீதிக் கன்றெல்லாம் அங்கேதான் இருக்கிறது. தயவுசெய்து அதற்கு முன் ஒருமுறை நேரில் வாருங்கள் ஐயா. அந்த 3 கன்றையும் பாட்டியே காட்டுவார்.

இப்படிக்கு,
கிராம சபை உறுப்பினர்கள்

இணைப்பு: முந்தைய ரசீதுகளின் நகல் 2, துணி 1