மாரிக்கு முன் குளிசை: பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கும் மாவட்ட அனர்த்த முகாமைத்துவ அதிகாரிகளுக்கும்,

வணக்கம். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவர்களுக்கு மாரி வெள்ளத்தில் மருந்து தடைப்படாமலிருக்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறோம்.

1954 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ரிச்சர்ட் ஹெரிக்குக்கு அவருடைய இரட்டைச் சகோதரர் ரொனால்டின் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. ரிச்சர்ட் கரையோரக் காவற்படையில் இருந்தவர். வயது 23. இருவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்தானா என்று பார்க்க, பொலிஸ் நிலையத்தில் கைரேகைகூட எடுத்தார்கள். கழற்றிய சிறுநீரகம் 82 நிமிடம் இரத்தமில்லாமல் கிடந்து, பொருத்தியதும் வேலை செய்தது. தன்னைப் பராமரித்த தாதியையே மணந்து, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாகி, 1963 வரை அவர் வாழ்ந்தார். அறுவைச் சிகிச்சை செய்த ஜோசப் மரேக்கு 1990இல் நோபல் பரிசும் கிடைத்தது.

ரிச்சர்டை நினைவுகூரும்போது பலர் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். உடம்பு சிறுநீரகத்தை நிராகரிக்காமலிருக்க அவர் ஒரு குளிசையும் விழுங்க வேண்டியிருக்கவில்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரின் உறுப்பு என்பதால் உடம்பு அதை அந்நியமாகப் பார்க்கவில்லை. நம் மாவட்டங்களில் தாயின், மனைவியின், அண்ணனின் சிறுநீரகத்தோடு வாழ்கிறவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ், மைகோபினோலேட், பிரெட்னிசோலோன் ஆகிய மருந்துகள் மூன்றும் சிறுநீரகம் இயங்கும் காலம் முழுக்க வேண்டும். சில நாட்கள் தடைப்பட்டாலே நிராகரிப்பு தொடங்கலாம்.

அந்தச் சில நாட்கள் மாரியில் வந்துவிடுகின்றன. கிரான்–புலிபாய்ந்தகல் வீதிக்கு மேலால் வெள்ளம் ஓடும்போதும், மாவடிப்பள்ளியில் வீதி மூழ்கும்போதும், கிளினிக் திகதி தாண்டிவிடும். ஒரு மாதத்துக்கு மட்டும் கொடுத்தனுப்பிய மருந்து முகாமில் தீர்ந்துபோகும். ஆகவே ஒக்டோபர், நவம்பர் கிளினிக்குகளில் இவர்களுக்கு இரண்டு மாத மருந்தை ஒன்றாகக் கொடுங்கள். வில்லைகளை அலுமினிய உறையோடேயே கொடுக்கச் சொல்லுங்கள். உறையிலிருந்து பிரித்துக் கடதாசிப் பையில் போட்டால் மாரி ஈரத்தில் பழுதாகிவிடும். கையிருப்பு இல்லையென்று வேறு கம்பனியின் டாக்ரோலிமஸைக் கொடுக்க நேர்ந்தால், அதைக் கிளினிக் கொப்பியில் எழுதி, ஒன்றிரண்டு வாரத்துக்குள் இரத்த மட்டம், அதாவது இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு, பார்க்க வேண்டும். டாக்ரோலிமஸில் ஒரு நாளைக்கு ஒருதரம் எடுக்கும் வகையையும் இருதரம் எடுக்கும் வகையையும் மாற்றிக் கொடுப்பது பெரிய ஆபத்து. பெட்டி பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் இது நடக்கிறது.

இரத்த மட்டம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இருதரம் எடுப்பவரின் இரத்தத்தை, முதல்நாள் இரவுக் குளிசைக்கு 12 மணித்தியாலம் கழித்து, காலைக் குளிசைக்கு முன்பு எடுக்க வேண்டும். வாகரையிலிருந்தோ வெல்லாவெளியிலிருந்தோ முதல் பஸ்ஸில் வருபவர் ஆறு மணிக்கே குளிசையை விழுங்கிவிட்டு வரிசையில் நிற்கிறார். ஒன்பது மணிக்கு இரத்தம் எடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால் சிறுநீரகம் போய்விடும். இரத்தம் எடுப்பவர் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: “காலைக் குளிசை போட்டாச்சா, எத்தனை மணிக்கு?” பதிலைக் குழாயின் லேபிளில் எழுதினால் போதும். குழாய் ஊதா மூடியுள்ளதாக இருக்க வேண்டும். டாக்ரோலிமஸ் பெரும்பாலும் செங்குருதிக் கலங்களில் ஒட்டியிருப்பதால் முழு இரத்தம்தான் பரிசோதனைக்கு உதவும்.

இடைத்தங்கல் முகாம்களுக்குப் போகும் நடமாடும் வைத்தியக் குழுக்களுக்கும் ஒரு வார்த்தை. மேல்வலி, காய்ச்சல் என்று வருபவர்களுக்கு டைக்ளோபினக் கொடுப்பது வழக்கம். மாற்றுச் சிறுநீரகத்துக்கு அது நேரடியாகவே கெடுதல். கிருமிக்கொல்லிகளான எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், பூஞ்சைக்குக் கொடுக்கும் புளூகொனசோல் மூன்றும் டாக்ரோலிமஸை இரத்தத்தில் ஏற்றிவிடும். காசநோய்க்குக் கொடுக்கும் றிபாம்பிசின் இறக்கிவிடும். முகாமில் சர்வசாதாரணமான வயிற்றோட்டத்திலும் அளவு ஏறும், நீரிழப்பும் சேர்ந்துகொள்ளும். ஆகவே இவர்களை ஜீவனி மட்டும் கொடுத்து அனுப்பிவிடாமல், சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனையும் பார்க்க வேண்டும். 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் என்றால் பனடோலோடு விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு வரும் ஆபத்து சேற்றில் இருக்கிறது. எலிக்காய்ச்சலும், மண்ணிலும் நீரிலும் உள்ள பக்டீரியாவால் வரும் மெலியோய்டோசிஸும் நோயெதிர்ப்புக் குறைந்தவரை எளிதில் விழுத்தும். வீடு கழுவும் வேலை, வயல் வேலை இரண்டையும் வேறு யாராவது செய்ய வேண்டும். வீட்டில் ஆளில்லையென்றால் பூட்ஸும் கையுறையும் கட்டாயம். எலிக்காய்ச்சலைத் தடுக்க டொக்சிசைக்கிளின் கொடுக்கும் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) இவர்களுடைய மருந்துப் பட்டியலை வைத்தியரிடம் காட்டிவிட்டுக் கொடுக்கட்டும்.

இதற்கெல்லாம் முதலில் வேண்டியது பெயர்ப்பட்டியல். ஒவ்வொரு எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பிரிவிலும் இவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களாகவே இருப்பார்கள். பெயர், கிராம சேவகர் பிரிவு, மருந்தின் பெயரும் வகையும் அளவும், சிறுநீரகப் பிரிவின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதலாம். ஒரு பிரதி எம்.ஓ.எச். அலுவலகத்தில், ஒன்று பிரதேச செயலகத்தின் அனர்த்தப் பிரிவில், ஒன்று நோயாளியின் கிளினிக் கொப்பிக்குள். நோயாளியின் சம்மதத்தோடு செய்யுங்கள். முகாம் அறிவித்தல் பலகையில் ஒருபோதும் ஒட்டிவிடாதீர்கள். படகு அனுப்பும்போது முதலில் யாருக்கு மருந்து போக வேண்டும் என்று அந்தத் தாளைப் பார்த்தே தீர்மானிக்கலாம். செப்டெம்பர் முடியுமுன் பட்டியல் தயாரானால் ஒக்டோபர் கிளினிக்கிலேயே இரண்டு மாத மருந்தைக் கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்வோரும் அவர்களைப் பராமரிப்போரும்
மட்டக்களப்பு, அம்பாறை