அடுத்த கோடை மழைக்கு முன் எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்

வானிலை முன்னறிவிப்பு வெளியிடும் அலுவலர்களுக்கும், அதை மக்களிடம் சேர்க்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் வேதாரண்யம் பக்கத்து உப்பளக்காரன் ஒருவனின் வணக்கம்.

போன வாரம் சாயங்காலம் அடித்த மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை மில்லிமீட்டர் என்று பதிவேட்டில் இருக்கும். பாத்திகள் என்ன ஆயின என்பது மட்டும் அதில் இருக்காது.

ஜனவரியில் சேறு மிதித்துப் பாத்தி கட்டுகிறோம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்தால் கடையைக் கட்ட வேண்டியதுதான். நடுவில் வரும் ஏப்ரலும் மேயும்தான் எங்களுக்கு அறுவடைக் காலம். நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் வற்றவைத்து, 25 டிகிரி அடர்த்திக்கு ஏற்றினால்தான் அடியில் உப்பு உட்காரும். அன்றைய மழைக்குப் பிறகு, அந்த அடர்த்தியை அளக்கும் டிகிரி மீட்டரைப் பாத்தியில் விட்டேன். உப்பு குறையக் குறைய அது ஆழமாக முங்கும். கழுத்துவரை முங்கிவிட்டது. அவ்வளவும் நல்ல தண்ணீர். வரப்போரம் வாரிக் குவித்திருந்த உப்பு கரைந்து, அழுக்குத் திட்டாகக் கிடந்தது. மறுபடி டிகிரி ஏறி உப்பு விளையப் பத்துப் பதினைந்து நாளாகும், அதற்குள் இன்னொரு மழை வராவிட்டால்.

‘அடுத்த 3 மணி நேரத்தில் மாவட்டத்தின் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழை’ என்ற குறுஞ்செய்தி எனக்கும் வந்தது. வந்தபோது நாங்கள் நனைந்துகொண்டிருந்தோம்.

எந்த ஊரில் இடி மழை என்று முந்தின நாளே சொல்ல முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். கடற்காற்றும் மேற்கேயிருந்து வரும் காற்றும் எங்கே முட்டிக்கொள்கின்றனவோ, அங்கே மதியத்துக்கு மேல் மளமளவென்று மேகம் எழும்புகிறது. ஆனால் எழும்பிய மேகம் ரேடாரில் தெரிகிறது அல்லவா? டாப்ளர் ரேடார் இங்கே பக்கத்திலேயே, காரைக்காலில்தான் இருக்கிறது. மேகம் வேதாரண்யம் பக்கம் நகர்கிறது என்று ஒரு மணி நேரம் முன்னால், ஊர் பெயரைச் சொல்லித் தெரிவித்தால் போதும். குவித்த உப்பு அம்பாரத்துக்குத் தார்ப்பாய் போட்டுவிடுவோம். அதைவிட முக்கியம், ஆட்களைக் கரையேற்றிவிடுவோம். கண்ணுக்கெட்டிய தூரம் மரமில்லாத வெட்டவெளியில், இரும்புச் சட்டியும் கையுமாக நிற்கிறவர்கள் தலைக்கு மேலேதான் மின்னல் வெட்டுகிறது.

இப்போது வந்திருக்கும் கோடைக்கால அறிக்கையும் வெயிலும் கூடும், மழையும் வரும் என்கிறது. சரி, வெயில் எங்களுக்கு வேண்டியதுதான். ஆனால் அதில் வேலை செய்கிற பெண்களுக்கு? கடலோரத்தில் 37 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரியும் கூடினால்தான் வெப்ப அலை என்பது உங்கள் கணக்கு. எங்கள் ஊரில் 35 டிகிரியிலேயே காற்றின் ஈரம் ஆளைப் புழுக்கி எடுத்துவிடும். அதற்கு அறிக்கையில் ‘அசௌகரியம் ஏற்படலாம்’ என்று ஒரு வரி. உப்புத் தரையின் வெள்ளை வெளிச்சம் கண்ணில் அறைய, கொப்புளித்த காலோடு சுமக்கிறவளிடம் அதை வாசித்துக் காட்டினேன். சிரித்துவிட்டாள். 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு அறிவித்தது, நல்ல விஷயம். செத்தால் 4 லட்சம் நிவாரணமும் உண்டு. உயிரோடு இருக்கும்போது ஒரு நிழற்பந்தலும் ஒரு குடம் தண்ணீரும் கிடைத்தால் அந்தச் செலவு மிச்சமாகுமே.

1930இல் உப்பு அள்ளியவர்களின் நினைவாக அகஸ்தியம்பள்ளியில் ஸ்தூபி நிற்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் கடைசியில் பெரியவர்கள் வந்து, ஆளுக்கொரு பிடி உப்பு அள்ளிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் வரும் தேதியும் நேரமும் முன்கூட்டியே, மிகச் சரியாக எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. மழைக்குத்தான் அந்த ஏற்பாடு இல்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது ஒன்றுதான். இடி மழை எச்சரிக்கையை மாவட்டத்தோடு நிறுத்தாமல் வட்டாரம், ஊர் பெயரோடு, ஒரு மணி நேரமாவது முன்னால் தாருங்கள். உப்பளத்தில் வேலை செய்கிற பலர் கையில் போன் இருப்பதில்லை. இருந்தாலும் அது கரையில் கிடக்கும் சாப்பாட்டுப் பைக்குள் இருக்கும். அதனால் ஒலிபெருக்கியிலும் சொல்ல வேண்டும். மே 4இல் அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது. அதற்குள் இதைச் செய்து தருமாறு தயவோடு கேட்டுக்கொள்கிறேன்.