தேன்மெழுகு பூசினால் வேலை முடிந்ததா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மரக் கைவினை பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் கடைந்த கிண்ணத்துக்குத் தேன்மெழுகு பூசிவிட்டால் தண்ணீர் இறங்காது, அதோடு வேலை முடிந்தது என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பல வருஷமாக லேத்தில், அதாவது மரத்தைச் சுழலவிட்டுக் கடையும் இயந்திரத்தில், நிற்கிறவன் நான். தேன்மெழுகு எனக்கு ரொம்பப் பிடித்த பூச்சு, அதனால்தான் அதற்கு இல்லாத குணத்தை ஏற்றிச் சொல்வதைப் பொறுக்க முடியவில்லை.

தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், அதற்கு வெகு முன்பே இளக ஆரம்பிக்கும். சூடான பாத்திரத்தை வைத்தால் வட்டமாகத் தடம் விழும். தண்ணீர் கொஞ்ச நேரம் முத்து முத்தாக நிற்கும், துடைக்காமல் விட்டால் உள்ளே இறங்கத்தான் செய்யும். ஆரம்ப காலத்தில் வெறும் மெழுகு மட்டும் பூசி நண்பர் ஒருவருக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன், நாலு முறை கழுவியதிலேயே வெளிறி, இழையெல்லாம் எழும்பி, கைக்குச் சொரசொரவென்று ஆகிவிட்டது. அவர் மேல் தப்பே இல்லை, கழுவக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை.

சரி, பிறகு மெழுகு எதற்கு? தொடுவதற்கு. பம்பரம், உளியின் கைப்பிடி, சதுரங்கக் காய், மூடி போட்ட சின்ன மரச் செப்பு, இதற்கெல்லாம் அதைப் போல ஒன்று கிடையாது. தடிமனாக வார்னிஷ் அடித்த மரத்தைத் தொட்டால் விரலுக்கு வார்னிஷ்தான் தெரியும், மெழுகு தேய்த்ததில் மரமே தெரியும். மங்கிப் போனால் சுரண்ட வேண்டியதில்லை, இன்னொரு முறை தேய்த்துத் துடைத்தால் போதும். ஆனால் பின்னால் வார்னிஷ் அடிக்கும் எண்ணம் இருந்தால் மெழுகைத் தொடாதீர்கள், மேலே எதுவும் பிடிக்காது, டர்பென்டைன் போட்டுத் துடைத்து எடுப்பது பெரும்பாடு.

புழங்குகிற கிண்ணம் என்றால் முதலில் ஆளிவிதை எண்ணெய் மாதிரி காய்ந்து இறுகும் எண்ணெயை மெல்லிசாகப் பூசி, நன்றாகக் காயவிட்டு, அதற்கு மேல் மெழுகு. பொறுமை வேண்டும், ஒரு நாளில் காயாது. அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம், விரித்துக் காயப்போடுங்கள். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பூசும் முறையும் ஒரே வரியில் முடிந்துவிட்டது. 120, 180, 240, 400 என்று சொரசொரப்பானதிலிருந்து மெல்லியது வரை உப்புத்தாளை வரிசையாகப் போட்டுத் தூசியைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மரத்தின் துளைகளில் தூசியும் மெழுகும் சேர்ந்து வெள்ளைப் புள்ளியாக நிற்கும். மெதுவாக ஓடும் மரத்தில் மெழுகுக் கட்டியை அழுத்தினால் உராய்வில் இளகி ஒட்டும். பிறகு வேகத்தைக் கூட்டிக் கை துடைக்கும் காகிதத்தை வைத்து அழுத்தினால் மெழுகு உருகிப் பரவும், மிச்சத்தைக் காகிதம் இழுத்துக்கொள்ளும். மெழுகு கூடிவிட்டால் பிசுபிசுக்கும்.

காகிதம் என்று காரணத்தோடுதான் சொல்கிறேன். கட்டுரையோடு வந்த படத்தில் ஒருவர் துணியை விரல்களில் சுற்றிக்கொண்டு ஓடுகிற லேத்தில் பிடித்திருக்கிறார். சுழலும் மரத்தில் துணி மாட்டினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும், காகிதம் என்றால் கிழிந்துவிடும். மற்றதையெல்லாம் விட்டாலும், அந்தப் படத்தைப் பார்த்து யாரும் அப்படிச் செய்ய வேண்டாம் என்று அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு குறிப்பாவது போடுங்கள்.

இப்படிக்கு,
கடைசல் வேலை செய்யும் வாசகர்