கீசர் ஏன் அணைகிறது: அக்காவுக்கு

ஷெஃபீல்டு
ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாமாவுக்கு முட்டி வலி குறைந்ததும், கீழ்வீட்டு அத்தை பேரனுக்குக் குன்னூர் பக்கம் வெலிங்டனில் வேலை கிடைத்ததும் படித்து சந்தோஷம். நான் நன்றாக இருக்கிறேன். வேலை நிறைய இருப்பதால் நேரம் போவதே தெரிவதில்லை. குளிர்தான் நம் ஊட்டிக் குளிர் மாதிரி இல்லை. அங்கே விடியற்காலையில் புல்லெல்லாம் உறைபனியாக வெளுத்துக் கிடந்தாலும் பத்து மணிக்கு வெயில் வந்து முதுகைச் சுடும். இங்கே வெயிலே சந்தேகம், நாலரைக்கு இருட்டிவிடும். நான் ஒரு ரூமை மட்டும் சூடாக வைத்துக்கொள்கிறேன், ஓர் ஆளுக்கு அது தாராளம்.

அம்மா குளிக்கும்போது பாத்ரூம் கேஸ் கீசர் பாதியில் அணைகிறது, மேலே இருக்கும் சென்சரின் இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கிவிட்டால் அணையவே அணையாது என்று ஃபிட்டர் சொன்னார் என்று எழுதியிருந்தாய். படித்ததுமே மாமாவுக்குப் போன் செய்து, அதைத் தொட வேண்டாம், கீசரைச் சரிசெய்யும்வரை அம்மாவுக்கு அடுப்பில் வெந்நீர் வைத்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று போனில் விளக்க முடியவில்லை. இங்கே எழுதுகிறேன், ஃபிட்டரிடமும் படித்துக் காட்டு.

என் வேலையே வீட்டுக்கு வீடு போய் கேஸ் பாய்லர் சுடரைப் பார்ப்பதுதான். இங்கே 2005 ஏப்ரலுக்குப் பிறகு பொருத்திய பாய்லர்களில் பெரும்பாலும் எப்போதும் எரியும் சுடர் கிடையாது, தேவைப்படும்போது பொறி தட்டிப் பற்றிக்கொள்ளும். பழைய வீடுகளில் இன்னும் பைலட் உண்டு. குத்துவிளக்குத் திரி அளவு நீலச் சுடர், இரவும் பகலும் எரியும். அதன் நுனியில் ஓர் உலோகக் குச்சி நிற்கும், பெயர் தெர்மோகப்பிள். இரண்டு வேறு உலோகங்களை ஒரு முனையில் சேர்த்துச் சூடாக்கினால் மின்சாரம் பிறக்கும். இதில் பிறப்பது 20, 30 மில்லிவோல்ட்தான், டார்ச் பேட்டரி தருவதில் ஐம்பதில் ஒரு பங்கு. அந்தச் சொற்ப மின்சாரம்தான் வால்வுக்குள் இருக்கும் காந்தத்தைப் பிடித்து வைத்து, கேஸ் வழியைத் திறந்து வைத்திருக்கிறது. சுடர் அணைந்தால் குச்சி ஆறும், காந்தம் கைவிடும், ஒரு நிமிடத்துக்குள் கேஸ் தானே மூடிக்கொள்ளும். அது இல்லையென்றால் அணைந்த அடுப்பிலிருந்து கேஸ் வீடு முழுக்க நிரம்பும்.

பைலட் நிற்க மாட்டேன் என்கிறது என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது, எப்போது அணைகிறது என்பதைத்தான். பற்றவே இல்லையென்றால் கேஸ் வரவில்லை, அல்லது பைலட் ஜெட்டில் தூசி அடைத்திருக்கிறது. அந்தத் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஊசியால் குத்தினால் பெரிதாகி, சுடர் நீண்டு மஞ்சளாகிவிடும். கழற்றி ஊத வேண்டும், இல்லையேல் மாற்ற வேண்டும். சில வீடுகளில் கடையில் கார்டில் பணம் ஏற்றி வந்து மீட்டரில் செருகினால்தான் கேஸ் வரும், பணம் தீர்ந்தால் பைலட்டும் போய்விடும். என் ரூமிலும் அந்த மீட்டர்தான். செலவு கைக்குள் நிற்கும், அதனால் எனக்கு வசதி.

பற்றிக்கொள்கிறது, ஆனால் பற்றவைக்க அழுத்திய குமிழை விட்டதும் அணைகிறது என்றால் தெர்மோகப்பிள் பக்கம் போக வேண்டும். குமிழை 20, 30 விநாடி அழுத்திப் பிடித்தார்களா என்று முதலில் பார்ப்பேன், குச்சி சூடேற அவ்வளவு நேரம் வேண்டும். பிறகு சுடர் குச்சியின் மேல் முனையை ஒரு சென்டிமீட்டர் அளவுக்காவது சுற்றி அணைத்திருக்கிறதா, வால்வில் சேரும் நட்டு தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். நட்டைக் கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று கொடுத்தால் போதும், அதற்குமேல் முறுக்கினால் முனை நசுங்கி மின்சாரம் போகாது. கழற்றி வோல்ட் மீட்டர் வைத்துப் பார்த்தால் 15 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருக்கிற குச்சி சாகப் போகிற குச்சி. புதிது போட்டும் காந்தம் நிற்கவில்லையென்றால் வால்வுதான் போயிருக்கிறது. அணைந்ததும் திரும்பத் திரும்பப் பற்றவைக்கக் கூடாது. தேங்கிய கேஸ் கலைய ஐந்து நிமிடம் விட வேண்டும்.

மூன்றாவது வகைதான் உன் பிரச்சினைக்குப் பக்கத்தில் வருகிறது. நன்றாக எரிந்துகொண்டே இருந்து, நேரம் கழித்துத் தானாக அணைவது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஸ்டீல் பேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வீட்டுக்குள்ளேயே கோட்டும் தொப்பியும் போட்டிருப்பார். காலையில் குனிந்து பாய்லர் கண்ணாடி வழியாகப் பைலட்டைப் பார்த்து அதற்குக் குட்மார்னிங் சொல்லிவிட்டுத்தான் டீ குடிப்பார். நல்ல மனுஷன். அவர் பாய்லர் பழைய ரகம், கணப்புக்குப் பின்னால் இருக்கிறது, எரிவதற்கான காற்றை ரூமிலிருந்தே எடுக்கும். அந்த மாதிரி பாய்லர் இருக்கும் ரூமில் மூட முடியாத காற்றுத் துளை சுவரில் இருக்க வேண்டும். 7 கிலோவாட்டுக்கு மேல் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 5 சதுர சென்டிமீட்டர் என்று கணக்கு. குளிர் வருகிறதென்று அவர் அந்தத் துளையில் நியூஸ்பேப்பரைச் சுருட்டிச் சுருட்டித் திணித்து, மேலே காலண்டரும் மாட்டியிருந்தார். தெர்மோகப்பிள் நல்லது, ஜெட் நல்லது, சுடர் மட்டும் சோம்பலாக மஞ்சள் காட்டியது. பேப்பரை உருவி எடுத்து, புகைப்போக்கி இழுக்கிறதா என்று புகை விட்டுப் பார்த்து, பர்னரில் படிந்த கரியையும் எடுத்த பிறகு நீலம் வந்தது. ரூமில் விஷவாயு அலாரமும் மாட்டிக் கொடுத்தேன்.

அக்கா, மஞ்சள் சுடர் என்றால் காற்று போதவில்லை, கார்பன் மோனாக்சைடு வருகிறது என்று அர்த்தம். அதற்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தை 200 மடங்குக்கும் மேல் பலமாகப் பிடித்துக்கொள்ளும். தலை வலிக்கும், குமட்டும், கால் துவளும், கதவைத் திறக்கத் தோன்றுவதற்குள் ஆள் விழுந்துவிடுவார். கரி அடுப்பை ரூமுக்குள் வைத்துக்கொண்டு தூங்கி எழாமல் போனவர்கள் செய்தி நம் மலையில் வரத்தானே செய்கிறது. அதே விஷம்தான் இதுவும்.

இப்போது நம் பாத்ரூமைக் கணக்குப் போடு. ஆறடிக்கு ஐந்தடி, எட்டடி உயரம். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்று, கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு லேசு. அந்த ரூமில் மொத்தக் காற்றே 7 கிலோ வராது. நிமிடத்துக்கு 6 லிட்டர் கீசர் மணிக்கு ஒரு கிலோவுக்குக் கிட்ட கேஸ் எரிக்கும், அடுப்பின் பெரிய பர்னரைப் போல ஐந்து மடங்கு. ஒரு கிலோ கேஸ் எரிய 15 கிலோ காற்று வேண்டும். கால் மணி நேரம் குளித்தால் ரூமில் இருக்கும் காற்றில் பாதிக்குமேல் அதற்கே போய்விடும். அம்மா ஜன்னலில் பனி வருகிறதென்று பிளாஸ்டிக் கட்டியிருப்பதாக நீயே எழுதியிருக்கிறாய். சுடர் திணறி, சூடு வெளியே போக வழியில்லாமல் மேலே ஏறி, அந்தச் சென்சர் பார்த்து அணைக்கிறது. அம்மாவைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதே அதுதான். அதை முறுக்கிவிட்டால் சுடர் அணையாது.

கீசரைப் பாத்ரூமிலிருந்து கழற்றி, பின்பக்க வராந்தாச் சுவரில் மாட்டச் சொல். தண்ணீர்க் குழாய் மட்டும் சுவரைத் துளைத்து உள்ளே வரட்டும். சிபிவிசி குழாயாகப் போடுங்கள், சாதா பிவிசி வெந்நீருக்கு இளகிவிடும். ஆடி மாதக் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று மாமாவுக்குத் தெரியும், அதற்கு எதிர்ப்பக்கம் மாட்டட்டும். மழைக்கு மேலே ஒரு தகரம் போதும், சுற்றிப் பெட்டி அடித்தால் மறுபடியும் அதே கதை. உறைபனி விழும் நாட்களில் ராத்திரி தண்ணீர் வால்வை மூடி, கீசருக்கு அடியில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்துவிடு. உள்ளே நிற்கும் தண்ணீர் உறைந்தால் செம்புச் சுருள் வெடிக்கும்.

வெளியே மாட்டிய பிறகும் அணைந்தால் அது சின்ன விஷயம். டிக்டிக் சத்தம் மெதுவாக வந்தால் இரண்டு பெரிய பேட்டரியையும் மாற்று. வெந்நீர் நூலாக வந்தால் தண்ணீர் நுழையும் இடத்துச் சல்லடையைக் கழுவு, தண்ணீர் வேகம் குறைந்தால் கீசர் தானே நின்றுவிடும். 20 நிமிடத்தில் நின்றால் அது பல மாடல்களில் இருக்கும் டைமர். விடியற்காலையில் மட்டும் தகராறு என்றால் சிலிண்டர் சில்லிட்டிருக்கிறது. கேஸில் இருக்கும் பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்தில் ஆவியாகவே தயங்கும், சிலிண்டர் தீரும் சமயத்தில் மிஞ்சுவதும் அதுதான். சிலிண்டருக்கு வெந்நீர் ஊற்றுவது, பக்கத்தில் நெருப்பு வைப்பது எதுவும் கூடாது. வெயில் வந்த பிறகு குளிக்கச் சொல், கேட்க மாட்டார் என்றாலும் சொல். கீசருக்குத் தனி சிலிண்டர், தனி ரெகுலேட்டர் வேண்டும். ஆரஞ்சு ஹோஸில் போட்டிருக்கும் வருஷத்தைப் பார், ஐந்து வருஷம் ஆகியிருந்தால் மாற்று. எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். இங்கே குழாயில் வரும் கேஸ் லேசானது, மேலே போகும். உங்கள் சிலிண்டர் கேஸ் கனம், தரையில் தங்கும், அதனால் சிலிண்டரை அந்தப் படிக்குக் கீழே பள்ளத்தில் வைக்காதீர்கள்.

பழைய செம்பு பாய்லரைப் பழைய பாத்திரக் கடையில் போட்டுத்தான் கீசர் வாங்கினீர்களோ என்று பயந்துவிட்டேன். இன்னும் விறகுக் கொட்டகையில் இருக்கிறது என்று மாமா சொன்னார். விற்காதே அக்கா. சீகை விறகுப் புகை, சாம்பலுக்குள் அம்மா புதைத்து வைக்கும் உருளைக்கிழங்கு, அதைப் பிட்டு உப்பைத் தொட்டு ஈரத் தலையோடு தின்றது, எல்லாம் நினைவுக்கு வருகிறது. இங்கே உருளைக்கிழங்குக்குக் குறைவில்லை, தினமும் அதுதான். அந்த வாசனைதான் இல்லை. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. மேராக்காய்க் கூட்டு சாப்பிட வேண்டும் போல இருக்கிறது. பொங்கலன்று உன் போன் வந்தபோது வேலையில் இருந்தேன் என்றேன் அல்லவா, பேச முடியவில்லை, அவ்வளவுதான். வர்க்கி அனுப்பாதே, தபால் செலவு அதிகம், வந்து சேர்வதற்குள் நொறுங்கியும் போகும்.

அம்மாவின் கண் ஆபரேஷனை மாசிக்குள் முடித்துவிடு. கோயம்புத்தூருக்கு மாமாவும் நீயும் சேர்ந்து போங்கள், சின்னவனை நம்பி அனுப்பாதே. அவன் காலேஜ் பீஸ் நான் கட்டுகிறேன். அடுத்த மாதம் பணம் 20ஆம் தேதி வாக்கில் வரும், இங்கே சம்பளத் தேதியை மாற்றிவிட்டார்கள், வேறொன்றும் இல்லை. சீட்டுத் தவணைக்கு மட்டும் அதுவரை மாமாவைச் சமாளிக்கச் சொல். பெரியப்பா பாகப்பிரிவினைப் பத்திரம் கேட்டால் அசலைக் கொடுக்காதே, நகல் மட்டும் கொடு. அந்த உருளைத் தோட்டத்துக்குப் பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. வி.ஏ.ஓ.வைப் பார்த்து, வாரிசுச் சான்றோடு பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடு. சித்தப்பா கையெழுத்துக்கு இழுத்தடித்தால் அம்மாவையே பேசச் சொல், அம்மா சொன்னால் போட்டுவிடுவார்.

ஃபிட்டர் ஞாயிற்றுக்கிழமை வந்தால் நல்லது, அன்று எனக்கு லீவு. காலை 11 மணிக்கு வரச் சொல், இங்கே ஐந்தரை, எழுந்துவிடுவேன். வீடியோவில் கூப்பிட்டு, பற்றவைத்ததும் சுடரை எனக்குப் பக்கத்தில் காட்டச் சொல். நீலமாக, ஆடாமல் இருந்தால் மட்டும் மீதிக் கூலியைக் கொடு.

அன்புத் தம்பி