ஹேங்கர் இருக்கட்டும், சுவர் என்ன சுவர்?

மந்தைவெளி,
சென்னை.

அன்புள்ள ரகு,

நாவலூர் வீட்டில் பால் காய்ச்சிய அன்றைக்கே வந்திருக்க வேண்டியவன் நான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், நகர முடியவில்லை. இப்போது நன்றாக இருக்கிறாள். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழு நேரமும் சீரியல்தான். டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினால், "அவருக்கென்ன தெரியும்" என்கிறாள்.

ஹால் சுவரில் மூன்று கிதாரையும் மாட்டப் போவதாக எழுதியிருந்தாய். கிதாரைக் கழுத்தில் பிடித்துத் தொங்கவிடுகிற இரண்டு விரல் கொக்கிதானே ஹேங்கர், அதன் நிறம், வளைவு, விலை எல்லாம் ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறாய். சுவரைப் பற்றி ஒரு வரி இல்லை. கடையில் விற்கிற ஹேங்கர் எதுவாக இருந்தாலும் கிதாரைத் தாங்கிவிடும் என்றுதான் நினைக்கிறேன். அந்த ஹேங்கரைச் சுவர் தாங்குமா என்பதுதான் கேள்வி.

எங்கள் வீடு பழையது, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். எங்கே துளை போட்டாலும் பிடித்துக்கொள்ளும். உங்கள் ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் புதிதாகக் கட்டுகிற அடுக்ககங்கள் பலவற்றில் ஏ.ஏ.சி. பிளாக்தான் வைக்கிறார்கள். அலுமினியத் தூள் போட்டு நுரைக்க வைத்து, நீராவியில் வேகவைத்த கல் அது. எடை குறைவு, வெயிலும் அவ்வளவாக உள்ளே வராது. ஆனால் உள்ளே முழுக்கப் பொடிப்பொடித் துளைகள். ஸ்க்ரூ பிடிப்பதற்காகத் துளைக்குள் செருகுகிற சாதாரண பிளாஸ்டிக் பிளக்கை அதில் அடித்தால் ஸ்க்ரூவோடு சேர்ந்து பிளக்கும் சுற்றும்.

உன் வீட்டுச் சுவர் எது என்று பில்டரைக் கேட்கலாம். கேட்காமலே ட்ரில் சொல்லிவிடும். சோஃபாவுக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில் ஒரு சின்னத் துளை போட்டு, வெளியே கொட்டுகிற தூளைப் பார். முதல் அரை அங்குலம் பெரும்பாலும் சாம்பல் நிறம்தான், அது சிமென்ட் பூச்சு. அதற்கப்புறம் சிவப்பாக வந்தால் செங்கல். விபூதி மாதிரி வெளுப்பாக, மெத்தென்று கொட்டி, கையில் எதிர்ப்பே தெரியாமல் ட்ரில் போனால் ஏ.ஏ.சி. சாம்பலாகவே வந்து, ட்ரில் அலறிக்கொண்டு ஒரே இடத்தில் நின்றால் கான்கிரீட் தூணோ பீமோ. கஷ்டப்பட்டுப் போட்டுவிட்டால் அதைவிட உறுதியான இடம் வேறில்லை.

செங்கல் என்றால் எட்டு எம்.எம். பிட், நல்ல நைலான் பிளக், இரண்டு முதல் இரண்டரை அங்குல ஸ்க்ரூ போதும். பிளக் பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் உட்கார வேண்டும், அவ்வளவுதான். ஹேங்கர் டப்பாவுக்குள்ளேயே ஒரு பொட்டலத்தில் ஸ்க்ரூவும் பிளக்கும் இருக்குமே, அதைத் தூரப் போடு. பல பிராண்டுகளில் அது ஜிப்சம் பலகைச் சுவரை மனதில் வைத்துக் கொடுப்பது.

ஏ.ஏ.சி. என்றால் ட்ரில்லில் இடித்துத் துளைக்கிற ஹேமர் பட்டனை அணைத்துவிட்டு வெறும் சுழற்சியில் துளை போடு, இல்லாவிட்டால் துளை அகன்றுவிடும். அதற்கென்றே இறக்கை வைத்த நீள பிளக் விற்கிறார்கள். ஆனால் மூன்று கிதார் என்பதால் நானாக இருந்தால் வேறு மாதிரி செய்வேன். முக்கால் அங்குல மரப்பலகை ஒன்றை, நான்கைந்து அடி நீளத்துக்கு, பல இடங்களில் ஸ்க்ரூ போட்டுச் சுவரோடு சேர்த்துவிட்டு, ஹேங்கர்களைப் பலகையில் முடுக்குவேன். பாரம் பரவிவிடும். நாளைக்கு நாலாவது கிதார் வந்தால் (வரும், உன்னைத் தெரியாதா?) சுவரைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று. கிதார் சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளித்தானே தொங்குகிறது? அதனால் ஹேங்கரின் கீழ்ப்பக்கம் சுவரில் அழுந்தும், மேல் ஸ்க்ரூ வெளியே இழுபடும். இரண்டு கிலோ கிதாருக்கு அந்த இழுப்பு பெரிதில்லை. நாலைந்து கிலோ எலெக்ட்ரிக் கிதாரை யாராவது அவசரமாகப் பிடித்து இழுத்தால் கதை வேறு. என் மைத்துனன் வீட்டில் ஆசாரி வெறும் மர ஸ்க்ரூவைப் பூச்சுக்குள் திருகிவிட்டுப் போனார். தீபாவளி வரை நின்றது. அப்புறம் கிதார் ஒரு கை அகலப் பூச்சோடு கீழே வந்துவிட்டது. கழுத்தின் மேல்முனையில் ஸ்ட்ரிங்குகள் உட்காருகிற பட்டை இருக்கிறதே, அந்த நட்டுக்குப் பின்னாலேயே முறிவு.

தொங்கவிட்டால் கழுத்து வளைந்துவிடும் என்று உன் மாமனார் சொன்னாராமே. அவரிடம் சொல்: அகூஸ்டிக் கிதாரின் ஆறு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து கழுத்தை ஏறக்குறைய எழுபது கிலோ விசையில் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அதன் முன்னால் கிதாரின் சொந்த எடை எந்த மூலைக்கு?

ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடாதே, ஒயர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகும். பாத்ரூமை ஒட்டிய சுவரும் வேண்டாம். வெளிச்சுவரும் வேண்டாம்: ஐப்பசி, கார்த்திகையில் ஓதம் ஏறும், மேற்குச் சுவர் என்றால் மே மாதம் அடுப்பாகக் கொதிக்கும். ஏ.சி. காற்று நேராக அடிக்கிற இடத்தையும் விட்டுவிடு. அகூஸ்டிக்குக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் நல்லது என்பார்கள். மழைக்காலத்தில் இந்த ஊரில் அது எங்கே கிடைக்கும்? பகலெல்லாம் ஊறி, ராத்திரி ஏ.சி.யில் காய்ந்து, மறுபடி ஊறினால் மரம் படாத பாடு படும். கிதார் உடம்பில் ஸ்ட்ரிங்குகளைக் கட்டுகிற பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை உப்புகிறதா, ஸ்ட்ரிங் உயர்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள். அந்த மாதங்களில் பெரிய அகூஸ்டிக்கை மட்டும் சிலிக்கா ஜெல்லோடு கேஸில் வைத்துவிடலாம்.

அண்ணன் கொண்டுவந்த கிப்ஸனுக்கு ஒரு கவனம். அதன் மேல்பூச்சு நைட்ரோ லாக்கர் என்கிற ஒரு வகை வார்னிஷ். சில ரப்பர்கள் அதோடு வினைபுரிந்து கறை விடும், பிசுபிசுக்கும். ஹேங்கரின் இரண்டு விரல்களிலும் பருத்தித் துணி சுற்றிவிடு. மற்ற இரண்டுக்கும் கவலையில்லை.

கட்டிலுக்கும் சோஃபாவுக்கும் மேலே மட்டும் மாட்டாதே, அழகாக இருக்கும் என்று சுதா சொன்னாலும்.

செல்வம் ராணிப்பேட்டையிலிருந்து மாற்றலாகி வந்துவிட்டான். கஹோன் (மேலே உட்கார்ந்து கையால் தட்டுகிற பெட்டி மேளம்) வாங்கியிருக்கிறானாம், உன் வீட்டில்தான் வாசிப்பானாம். கீழ் வீட்டுக்காரரை இப்போதே பழக்கம் பிடித்துக்கொள்.

ஹேமர் ட்ரில் என்னிடம் இருக்கிறது, பிட்டும் பிளக்கும் வாங்கிக்கொண்டு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை ட்ரில் போட உங்கள் அசோசியேஷன் விடுமா என்று மட்டும் கேட்டு எழுது. விடாது என்றால் சனிக்கிழமை லீவு போடுகிறேன்.

அன்புடன்,
சேகர்