தீர்ப்போடு நின்றுவிடாதே, தாயி

அன்புள்ள தாயிக்கு,

அப்பா எழுதுவது. நம் ஊர் இறால் பண்ணையை வைத்துக் கல்லூரியில் ஆய்வுக் கட்டுரை எழுதப்போவதாக நேற்று போனில் சொன்னாய். "உச்ச நீதிமன்றமே 1996-ல் தடை போட்டாச்சுப்பா, வேற என்ன வேணும்?" என்றும் கேட்டாய். நீ இதைக் கையில் எடுத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் அந்தக் கேள்வி மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. வக்கீல் குமாஸ்தாவாகவே தலை நரைத்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

நீ சொன்னது எஸ். ஜெகந்நாத் வழக்கு, 1996 டிசம்பர் 11 தீர்ப்பு. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள், அதாவது கட்டுப்பாடு உள்ள கரையோரப் பகுதிக்குள், இறால் பண்ணை கூடாது, இருப்பவற்றை 1997 மார்ச் 31-க்குள் அகற்ற வேண்டும் என்றது உண்மைதான். தீர்ப்பின் தலையில் இருக்கும் சுருக்கத்தோடு நிறுத்தாமல் முழுசாகப் படி. பாரம்பரிய முறைப் பண்ணைகளுக்கு அதிலேயே விலக்கு இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். 2005-ல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தீர்ப்புக்கு ஆதாரமாக இருந்த, அந்த மண்டலத்தை வகுத்த 1991 அரசு அறிவிக்கையையே அதன் 27-ஆம் பிரிவு முன்தேதியிட்டுத் திருத்திவிட்டது. அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவின் 8-ஆம் உட்பிரிவையும் பார்க்க வேண்டும்: உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் நீர் ஏறி வரும் எல்லையிலிருந்து, 200 மீட்டருக்குள் பண்ணை நடத்தக் கூடாது என்று 2005-ல் வந்தது. அதற்கும் விதிவிலக்கு உண்டு. போதாததற்கு 2023-ல் ஒரு திருத்தம் வந்து, ஆணையத்தில் பதிவு செய்யாமல் பண்ணை நடத்துவதற்கு இருந்த சிறைத் தண்டனையை எடுத்துவிட்டார்கள். 1996-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு நீ எழுதினால், எதிர்த்தரப்பு 2005-ஐ நீட்டும்போது கையில் ஒன்றும் இருக்காது.

அதனால் தீர்ப்பிலிருந்து தொடங்காதே. பண்ணை எந்த வருஷம் வந்தது, கரையிலிருந்து எவ்வளவு தூரம், பதிவு இருக்கிறதா என்று முதலில் தாளில் எழுது. அப்புறம் இந்தியா கோட் என்ற அரசின் சட்டத் தளத்தில் திருத்தங்களோடு சட்டத்தைப் படி, பிறகு விதிகளையும் அறிவிக்கைகளையும். தீர்ப்பு கடைசியில்தான். இ-எஸ்.சி.ஆர் என்ற உச்ச நீதிமன்றத்தின் இணையத் தளத்தில் அதன் தீர்ப்புகள் இலவசமாகவே கிடைக்கும். ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டிருக்கின்றன என்று இந்தியன் கானூன் என்ற தீர்ப்புத் தேடல் தளம் காட்டும். அதைப் பார்க்காமல் ஒரு வரிகூட மேற்கோள் காட்டாதே.

இது உனக்கு மதிப்பெண்ணுக்கான விஷயம் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். நம் தெருக் கிணற்றில் இப்போது தண்ணீர் இறைத்தால், காய்ந்த கயிற்றில் வெள்ளையாக உப்புப் பூத்து நிற்கிறது. அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரித் தண்ணீருக்குத்தான் போகிறாள். பண்ணையால்தானா என்பதையும் நீ ஆதாரத்தோடுதான் சொல்ல வேண்டும், கோபத்தில் எழுதிவிடாதே.

பண்ணை இருக்கும் நிலத்தின் புல எண்ணை கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டிருக்கிறேன். அடங்கல் நகலும் வேண்டுமென்றால் இந்த வாரமே சொல், சேர்த்து வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா