ரெஃபரி அண்ணாவுக்கு, அந்த 6 பற்றி

அண்ணா,

முடிவெடுத்துவிட்டேன். நாம் தாளும் பகடையும் வைத்து ஆடும் விண்வெளிக் கதாபாத்திர ஆட்டமான டிராவலர், இனி மங்கூஸ் நிறுவனத்தின் 2016 விதிகளில்தான்.

மன்னித்துவிடுங்கள். ஆனால் விதியை முதலில் மாற்றியது நான் இல்லையே. 1996-இல் வந்த நான்காம் பதிப்புக்கு எங்களை இழுத்துப் போனது நீங்கள். பண்பையும் (வலிமை, தாங்குதிறன் போன்ற பிறவி எண்) திறனையும் (கற்ற தொழிலின் நிலை) கூட்டி, பகடை அதற்குள் விழ வேண்டும் என்றது அது. பண்பு 12, திறன் 1 உள்ள கற்றுக்குட்டிக்கு 13. பண்பு 7, திறன் 4 உள்ள கைதேர்ந்த பைலட்டுக்கு 11. இதில் அரைப் பகடை (1 முதல் 3 வரை) வேறு. நம் மேசையில் இருந்தவர்களும் இதைப் படிப்பார்கள். யார் ஏன் எழுந்து போனார்கள் என்பதை இங்கே எழுதவில்லை.

தாள்களை மாற்றும்போது ஆறு பண்புகளும் அப்படியே வந்துவிடுகின்றன. திறன் எண்தான் ஏமாற்றும். டிராவலரின் முதல் விதியில், நாம் பழைய விதி என்போமே, அதில் விண்வெளி உடைக்கு 10+ (இரண்டு பகடையின் கூட்டல் 10 அல்லது அதற்கு மேல்), திறன் நிலை ஒவ்வொன்றுக்கும் +4. நிலை 2 இருந்தால் +8, தவறவே முடியாது. அதே 2-ஐப் புதிய தாளில் எழுதினால் 8+-க்கு வெறும் +2. 36-இல் 10 முறை தவறும். அதனால் உடை விஷயத்தில் மட்டும் 'எளிது' என்று 4+ கேட்கிறேன். பழைய பலன் திரும்பிவிடுகிறது. எல்லாத் திறனுக்கும் ஒரே கடின ஏணி என்பதை 1987-இலேயே மெகாடிராவலர் என்ற பதிப்பு மூல விதியில் சேர்த்தது. ஆனால் பண்பை 5-ஆல் வகுத்ததால் 5-க்கும் 9-க்கும் அதே +1.

இவ்வளவு கணக்கிலும் பழைய விதியில் நான் உருவாக்கிய அந்த ஸ்கவுட்தான் (விண்வெளி ஆய்வுப் படைக்காரன்) கண்ணில் நிற்கிறான். ஆட்டம் தொடங்கும் முன், அவன் கடந்த வாழ்க்கையைப் பகடையால் எழுதும்போதே செத்தவன். வயது 30, நான்காவது பணிக்காலம். ஒவ்வொரு பணிக்காலத்திலும் பிழைக்க 7+ வேண்டும். தாங்குதிறன் 9 இருந்தால் +2. அவனுக்கு 8. பகடையில் ஒரு 4, ஒரு 2. நீங்கள் எண்ணைத் திரும்பக்கூடப் பார்க்கவில்லை. 6 என்று எழுதி வட்டம் போட்டு, "அடுத்த தாளை எடு" என்றீர்கள்.

அதே பழைய விதியின் 1981 பதிப்பில் விருப்ப விதி இருந்தது: சாவுக்குப் பதில் காயம், இரண்டே வருடத்தில் பணி முடிவு. உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை.

ஆனாலும் அன்று பிழைத்த மற்றவர்களை நாங்கள் பொத்திப் பொத்தி வைத்து ஆடியது அந்த வட்டத்தால்தான். நான்கு பணிக்காலம் தாண்டிய ஸ்கவுட் ஒருவன் மேசைக்கு வந்தால் நீங்களே அவனை மரியாதையாகக் கூப்பிடுவீர்கள். 1998-இன் கர்ப்ஸ் டிராவலர் என்ற பதிப்பில், பகடை இல்லாமல் புள்ளி கொடுத்து வாங்கிய வீரர்களை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

புதிய விதியில் அதே 6-ஐப் போட்டுப் பார்த்தேன். தாங்குதிறன் 8-க்குக் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. ஸ்கவுட்டுக்கு அதில் மூன்று பிரிவு: கூரியருக்கு 5+, சர்வேயருக்கு 6+, இரண்டிலும் பிழைக்கிறான். எக்ஸ்ப்ளோரருக்கு 7+, அங்கே தோற்றாலும் விபத்து அட்டவணை, வேலை போகும், உயிர் இருக்கும்.

அவன் தாளை மட்டும் மாற்றவில்லை. நீங்கள் போட்ட வட்டத்தோடு பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன். உங்கள் பகடை இரண்டும் அதில்தான் இருக்கின்றன. வேண்டுமென்றால் சொல்லுங்கள், அனுப்புகிறேன்.